காப்புக் கட்டிய ஊரில் ஒரு விண்ணப்பம்

பூபதி வேலை செய்த நாட்டை ஈச்சங்குழிப்பட்டியில் எல்லோரும் துபாய் என்றுதான் சொன்னார்கள். அது துபாய் இல்லை, அதற்கு இன்னும் மேலே வேறொரு நாடு என்று முதல் லீவில் வந்தபோது திருத்திப் பார்த்தான். அப்படியா சாமி, துபாய்ல அது எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டான்.

எட்டு வருடமாக அங்கே அவனுக்கு ஜன்னல் துடைக்கிற வேலை. முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மலையில் சில்வர் ஓக் மரத்துக்கு ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறித்தவன் என்பதால் உயரம் அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஏஜெண்டும் அதைக் கேட்டுத்தான் ஆளை எடுத்தார். ஆனால் விசாவில் அவன் தொழில் விவசாயி. கண்ணாடி துடைப்பவர்களுக்கான இடங்கள் அந்த வருடம் தீர்ந்துவிட்டன. விவசாயிகளுக்கான இடங்கள் ஏராளமாக மீதி இருந்தன. புல் முளைப்பதற்கே நகராட்சியின் அனுமதி வேண்டியிருந்த ஊரில் அவை மீதி இருந்ததில் ஆச்சரியம் இல்லை. யாராவது அதிகாரி கேட்டால் விவசாயி என்று சொல்லும்படி கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முப்பத்தாறாவது மாடியின் வெளியே வாளியோடு தொங்கிக்கொண்டிருந்தபோதும் அவன் சட்டப்படி விவசாயியாகவே தொங்கினான்.

பாஸ்போர்ட் மேனேஜரின் மேசை டிராயரில் இருந்தது. நாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். வெளியேறியவன் திரும்பி உள்ளே வர இன்னொரு அனுமதி வேண்டும். வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால், எந்தக் கம்பெனியை விட்டு ஓட நினைக்கிறானோ அந்தக் கம்பெனியே ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். எல்லா அனுமதியும் மேனேஜரின் கைபேசியில் இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிட வேலை. மேனேஜரும் நம் நாட்டுக்காரர்தான். அவருக்கான அனுமதி வேறு யாருடைய கைபேசியிலோ இருந்தது.

இரண்டாம் வருடம் பூபதியின் அப்பா இறந்தபோது, ஊருக்குப் போகும் அனுமதி ஒன்பதாம் நாள் வந்தது. பயணத்தின் காரணம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டிருந்தது. இனிப் போய் என்ன செய்வது என்று அவன் போகவில்லை. கேட்டு வாங்கிய அனுமதியை ஏன் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தான்.

தொழிலாளர் தங்கும் முகாமின் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். கடைக்குப் போவதென்றாலும் பெயர், காரணம், போகும் நேரம், வரும் நேரம் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் காவலர் கையெழுத்துப் போட வேண்டும். பூபதியின் அடுத்த கட்டிலில் படுத்திருந்த தெலங்கானாக்காரர் யாதையா ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கப் போனார். வாசல் திறந்து கிடந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. சரி, வந்து எழுதிக்கொள்ளலாம் என்று போய்விட்டு நாற்பது நிமிடத்தில் வந்தார். அதற்குள் ஓடிப்போனவர் என்று அவர் பெயரில் பதிவாகிவிட்டது. ஓடிப்போனவருக்கு வேலை தரக்கூடாது, ஊருக்கும் அனுப்பக்கூடாது. யாதையா பதினான்கு மாதம் அதே கட்டிலில் படுத்துக்கொண்டே ஓடிப்போனவராக இருந்தார். அன்றிலிருந்து பூபதி ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தால் ஆள் வரும்வரை நகரமாட்டான்.

இந்த வருடம் அந்த நாட்டில் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒப்பந்தம் முடித்தவன் பழைய கம்பெனியைக் கேட்காமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: குறித்த நாளில் அந்த நாட்டுக்குள் இருந்து கைரேகை வைக்க வேண்டும். பூபதிக்குக் கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே விசாவிலேயே கண்ணாடி துடைப்பவர் என்று எழுதுவார்கள். மனைவியையும் கூட்டிக்கொள்ளலாம். சுகந்தி பாஸ்போர்ட் எடுத்து ஐந்து மாதமாகிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். சேர்ந்து இருந்தது நூற்றெழுபது நாள். இது சுகந்தியின் கணக்கு. கல்யாணத்துக்கு வந்த லீவையும் சேர்த்துத்தான்.

அறுபது நாள் லீவில் வந்திருந்தான். வியாழக்கிழமை மாலை திருச்சியில் விமானம். அன்று நள்ளிரவோடு அவன் திரும்பி நுழையும் அனுமதி காலாவதியாகிறது. அதற்குப் பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை கைரேகை. தவறினால் மூன்று வருடம் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது; புதுக் கம்பெனியும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதில் மாரியாத்தாள் எப்படி வந்தாள் என்பதுதான் கதை.

ஈச்சங்குழிப்பட்டி, மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த குண்டூர் நாட்டில் முப்பத்திரண்டு வீடுகள் உள்ள ஊர். வருடா வருடம் மாரியாத்தாளுக்குத் திருவிழா, ஊர் வழக்கில் நோம்பி. நோம்பிக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிய அன்று யார் யார் ஊருக்குள் இருந்தார்களோ அவர்களெல்லாம் நோம்பி முடியும்வரை ஊருக்குள்தான் தூங்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள். ஆத்தாள் கோபித்தால் அம்மை வரும், மழை வராது.

பூபதி தேதி பார்க்காமல் இல்லை. இந்த வருடம் நோம்பி அவன் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னமே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சீரியல் லைட் போடும் பேளுக்குறிச்சிக்காரருக்கு அந்த வாரம் வேறு இரண்டு கோயில்களில் வேலை இருந்தது. லைட் இல்லாமல் ஆத்தாளுக்கு எப்படி நோம்பி எடுப்பது என்று ஊர் கூடிப் பேசி எல்லாவற்றையும் தள்ளிவைத்தது. அப்படியாகக் காப்புக் கட்டிய பத்தாம் நாள் பூபதிக்கு விமானம் என்று ஆயிற்று.

இதற்கு முன்னாலும் எத்தனையோ பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. அவர்களெல்லாம் என்ன செய்தார்கள் என்றால், போனார்கள். பிரவீன் இருக்கிறான், பூபதிக்குப் பங்காளி, பிக்கப் வண்டி ஓட்டுகிறான். ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டிய பிறகு பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவான். வந்ததும் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முத்தன், எங்கப்பா ரெண்டு நாளா ஆளைக் காணோம் என்பார். ஊட்லதானுங்க இருந்தேன், வயிறு சரியில்லீங்க என்பான் பிரவீன். சீரகத் தண்ணி குடி சாமி என்பார் அவர். வண்டியில் நாமக்கல் தூசி அப்பிக் கிடக்கும். அதோடு முடிந்தது. ஆத்தாளும் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

பூபதிக்கு இது தெரியாது. காப்புக் கட்டினால் வெளியே தங்கக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரியவர்கள் எப்படி நழுவுவார்கள் என்பது பெரியவனான பிறகுதான் தெரியவரும். அவன் பெரியவனானது அங்கே.

அதனால் அவன் விண்ணப்பம் எழுதினான்.

முழுத்தாளில், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, விமான டிக்கெட்டின் நகலை இணைத்து, காப்புக் கட்டிய மறுநாள் காலை கோயில் வாசலுக்குக் கொண்டுபோனான். ஊர்க்கவுண்டர் முத்தன் அங்கே வேப்பிலைத் தோரணத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அறுபது வயது, யாரையும் அதட்டிப் பேசாதவர். அவரைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். அவர் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லாததால் மறுபடியும் முன்பக்கத்தையே படித்தார்.

“இதை எதுக்கு சாமி எழுதுன?”

“அனுமதிக்குங்க பெரியப்பா.”

“வாயில சொல்லியிருந்தாக்கூடக் காதுல விழலைன்னு இருந்திருப்பேன். எழுதிக் குடுத்துட்டியே.”

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாள் அவர் கையில் இருந்தது. வேறு வழியில்லாமல் அவர் அன்று மாலையே ஊரைக் கூட்டினார்.

ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் உத்தமர்களாக இருந்தார்கள். போன வருடம் காப்பு நாளில் தன் மகன் கோயமுத்தூருக்கு இன்டர்வியூவுக்குப் போகாமல் வேலையையே விட்டுக்கொடுத்தான் என்று ஒருவர் சொன்னார். அந்த மகன் போய் வந்ததும், வேலை கிடைக்காததும் ஊருக்கே தெரியும். அதே காப்பு நாளில் சேலம் ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி படுத்திருந்துவிட்டு வந்த அத்தாயி, தனக்கு விவரம் தெரிந்து காப்பு நாளில் எல்லைக்கு வெளியே ராத்திரி தங்கினதே இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னாள். பிரவீன் கடைசி வரிசையில் நின்று, ஊர்க் கட்டுப்பாடு முக்கியம்தானுங்க என்று சொன்னான். கேட்காமல் போனவர்கள் நிறைந்த ஊரில், கேட்டுவிட்டவனுக்குச் சரி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சரி என்று சொன்னவர் பெயரைச் சொல்லித்தான் அடுத்த அம்மை வரும்.

முடியாது என்று சொல்லவும் மனம் இல்லை. எனவே குண்டூர் நாட்டுக்கே பெரியவரான நாட்டுக்கவுண்டரிடம் விண்ணப்பத்தை அனுப்புவது என்று முடிவாயிற்று. பதில் வரும்வரை ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஒன்று என்று பேச்சு வரக்கூடாது. ஆகவே யார் வெளியே போனாலும் எழுதிவிட்டுப் போகட்டும், யார் திரும்பி வந்தாலும் எழுதிவிட்டு வரட்டும் என்றார்கள். இப்படிப்பட்ட நோட்டை எப்படிப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பூபதியைப் பார்த்தது.

“அனுபவம் உள்ளவன் நீதான் சாமி,” என்றார் முத்தன்.

இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் தன் காகிதமும் சீக்கிரம் நகரும் என்று பூபதி நினைத்தான். எட்டு வருடமாக அப்படி நினைத்துத்தான் பழக்கம். ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து, பெயர், பொறுப்பேற்பவர், காரணம், போகும் நேரம், வரும் நேரம், அனுமதித்தவர் கையெழுத்து என்று ஆறு கட்டம் போட்டான். கோணாத கோடுகள். கை தானாகப் போட்டது. முதல் வரியில் தன் பெயரை எழுதினான். கடைசிக் கட்டத்தில் பென்சிலால் பரிசீலனையில் என்று எழுதிக்கொண்டான்.

ஊர் எல்லையில் தார் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்ற சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஒரு கயிற்றைக் கட்டினார்கள். மரத்தில் ஆணி அடித்து நோட்டை மாட்டினார்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். முத்தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. முதல் நாள் அவர் அதில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கூச்சம் போய்விட்டது. ஐந்தாம் நாள், காரணம் என்ற இடத்தில் சும்மா என்று எழுதியவரைத் திருப்பி அனுப்பினார்.

ஊருக்கு மூச்சு முட்டியது. இருபது வருடமாக ஆத்தாளுக்குத் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தவர்களெல்லாம் பொழுது சாயக் கயிற்றுக்குள் அடைந்தார்கள். லோடு வைத்திருந்த பிரவீன் நாமக்கல்லில் தங்க முடியாமல் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் ஏறி இறங்கினான். பூபதியை எங்கே கண்டாலும் விடமாட்டான். “துபாய்க்குப் போவ முடியலையேன்னு நம்மூர்ல இனி யாரும் ஏங்க வேண்டாம்ங்க. பங்காளி துபாயவே இங்க கொண்டாந்து இறக்கிட்டான்,” என்று டீக்கடையில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்; பூபதியும் சேர்ந்து சிரித்தான். தண்ணீர்க் குழாயில் சுகந்தி குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன.

பூபதி மேனேஜருக்கும் செய்தி அனுப்பியிருந்தான். திரும்பும் அனுமதியை ஒரே ஒரு வாரம் நீட்டித் தந்தால் போதும், ஊரில் கோயில் விசேஷம், தயவு செய்யவும். அரை மணியில் மேனேஜர் பார்த்துவிட்டதாகக் கைபேசி காட்டியது. அடுத்த நாள் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அது ஆகட்டும் என்றா, ஆகிவிட்டது என்றா, பார்த்தேன் என்றா என்று புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் ஆராய்ந்தார்கள். இணையத்தில் போய்ப் பார்த்தால் தேதி அப்படியே இருந்தது.

ஐந்து நாள் கழித்துத் திங்கட்கிழமை நாட்டுக்கவுண்டரிடமிருந்து பதில் வந்தது. ஊர் பார்த்து முடிவு பண்ணட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஊர் கூடியது. நாட்டுக்கவுண்டரே முடிவு சொல்லாதபோது நாம் சொல்வது மரியாதையாக இருக்காது என்று கலைந்தது.

புதன்கிழமை மாலை முத்தன் பூபதியின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். பூபதியின் அம்மா இருசாயி காப்பி கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

“காலையில நான் ஏழு மணிக்குத்தான் கவுத்துக்கிட்ட வருவேன். அதுக்கு முன்னால நாற்காலியில யாரும் இருக்க மாட்டாங்க.”

“சரிங்க பெரியப்பா. ஏழு மணிக்கு வந்துர்றேன்.”

முத்தன் அவன் பக்கம் திரும்பினார். “ஏழு மணிக்குத்தான் வருவேன்னு சொன்னேன் சாமி,” என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு சுகந்தியைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“ஏனுங்க, அவரு ஆபீசு நேரம் சொல்லீட்டுப் போகலீங்க,” என்றாள் சுகந்தி.

“பின்னே?”

“ஏழு மணிக்கு முன்னால போயிருன்னு சொல்லீட்டுப் போறாரு. அந்த மனுசன் வேற எப்படிச் சொல்லுவாரு? மைக்கு வெச்சா சொல்லுவாரு?”

பூபதிக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் நிம்மதி வரவில்லை. எழுத்தில் இல்லையே என்றான். சுகந்தி பெட்டியை எடுத்து அவன் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து தன் பாஸ்போர்ட்டையும் எடுத்து, ஒருமுறை பிரித்துத் தன் படத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு பிரவீனிடம் தானே போய்ப் பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை கேலி பேசினாலும் அவன் முடியாது என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஐந்தரை மணிக்குப் பிக்கப் வந்து நின்றது. பின்னால் பலாப்பழ லோடு. பெட்டியைப் பழங்களுக்கு நடுவே செருகினார்கள். செம்மேடு, வளைவுகள், நாமக்கல், திருச்சி. மாலை விமானத்துக்கு நேரம் தாராளமாக இருந்தது. திரும்பிப் பாக்காமப் போங்க என்றாள் சுகந்தி. அவன் திரும்பிப் பார்க்காமல்தான் போனான்.

கயிற்றடியில் வண்டி நின்றது. நாற்காலி பனியில் நனைந்து காலியாகக் கிடந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அந்த நேரத்துக்குப் பால் கேனோடு போகிற செல்வத்தைக்கூடக் காணோம். ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

பூபதி கயிற்றை அவிழ்க்க இறங்கினான். நாற்பதாவது மாடியில் தொங்குகிறவனுக்கு அந்த முடிச்சு ஒரு முடிச்சே இல்லை. கையை நீட்டியவன் நோட்டைப் பார்த்தான். எழுதிவிட்டே போய்விடலாம், இரண்டு வரிதானே என்று பேனாவை எடுத்தான். பெயர் எழுதினான். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதினான். காரணம் எழுதினான். போகும் நேரம் ஐந்து நாற்பது. வரும் நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது. அதைத் தாண்டினால் கடைசிக் கட்டம், அனுமதித்தவர் கையெழுத்து. அவனே ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம்.

நாற்காலியைப் பார்த்தான். தடுக்க ஆள் இல்லை. யாதையா மாத்திரை வாங்கப் போன நாளும் இப்படித்தான் இருந்தது.

“ஏறு பங்காளி,” என்றான் பிரவீன்.

“ரெண்டு நிமிசம்.”

“எதுக்கு?”

“கையெழுத்து இல்லாமப் போனா நாளைக்கு அவ பேருலதான வரும். பொறுப்புன்னு அவ பேரைத்தான் எழுதியிருக்கேன்.”

“எழுதுனதக் கிழிச்சு எறிஞ்சுட்டு ஏறு.”

நோட்டுத் தாளைக் கிழிப்பது என்ற யோசனை பூபதிக்குக் கொலை மாதிரி இருந்தது. நீ இரு, அவர் வந்துவிடுவார் என்றான். அவர் வரமாட்டார், நீ போவதற்காகத்தான் வராமல் படுத்திருக்கிறார் என்று பிரவீன் படித்துப் படித்துச் சொன்னான். தெரியும் என்றான் பூபதி. தெரியும் என்று சொல்லிக்கொண்டே நின்றான். கால் நகரவில்லை. அவன் அங்கே கற்றுக்கொண்டு வந்த தொழில் கண்ணாடி துடைப்பது மட்டும் அல்ல.

ஆறரை மணிக்குப் பிரவீனுக்குப் பயம் வந்துவிட்டது. ஏழு மணிக்குக் கவுண்டர் வந்தால் அவனும் எழுத வேண்டியிருக்கும். பெட்டியை இறக்கி ரோட்டோரம் வைத்தான். கயிற்றை அவிழ்த்து வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோனான். எஞ்சினை அணைக்கவில்லை.

“வண்டி ஓடிட்டுதான் இருக்குது. பொட்டியக்கூட வுட்டுட்டு வா. ஒரு தாவுல ஏறிக்கலாம்.”

பூபதி வாட்சைப் பார்த்தான். பிரவீன் பத்து நிமிடம் நின்றான். பிறகு இறங்கி வந்து, கயிற்றை முன்பு இருந்தபடியே இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். வளைவில் பிரேக் லைட் ஒருமுறை எரிந்தது. அதுவும் திரும்பிவிட்டது.

முத்தன் ஏழே காலுக்கு வந்தார். வரும்போதே பெட்டி கண்ணில் பட்டது போலிருக்கிறது, நடை தளர்ந்தது.

“இன்னும் போகலியா சாமி?”

“கையெழுத்துங்க பெரியப்பா.”

அவர் நாற்காலியின் பனித் தண்ணீரைத் துண்டால் துடைத்தார். உட்காரவில்லை. “வேணும்னே கால் மணி நேரம் லேட்டா வந்தேன்டா. பால்காரனைக்கூட நாந்தான் வரவேண்டாம்னேன். நான் பாக்கலைன்னா பாக்கலைதான். ஆத்தாகிட்டயும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்பப் பாத்துட்டனே.”

“இப்பவும் நீங்க பாக்கலைன்னு வெச்சுக்கலாமுங்களே,” என்றான் பூபதி.

முத்தன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அவர் முகத்தில் அது தெரிந்தது. அதற்குள் செம்மேட்டு பஸ்ஸுக்குப் போக அத்தாயியும் இன்னும் இரண்டு பேரும் வந்து நோட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களும் பார்த்துவிட்டார்கள். பார்த்தது மட்டுமல்ல, சேலம் ஆஸ்பத்திரியை மறந்துவிட்ட அத்தாயி, பெட்டியெல்லாம் எடுத்துட்டு எங்க சாமி கெளம்பிட்ட, காப்பு நாளும் அதுவுமா என்று கேட்டாள்.

பூபதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். சுகந்தி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முறத்தை வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கினாள். சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். பலாப்பழ வாசனை ஏறியிருந்தது.

விமானம் மாலை போயிற்று. அனுமதி நள்ளிரவில் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை இணையத்தில் பார்த்தபோது, வெளியேறியவர், திரும்பவில்லை, மூன்று வருடத் தடை என்று தெளிவாகப் போட்டிருந்தது. பத்து மணிக்கு மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

நோம்பிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. முத்தனால் அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இடுப்பு வலி என்றார். பூபதி உட்காரட்டுமே, எப்படியும் ஊரில்தானே இருக்கப் போகிறான் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்துக்குக் கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரு நிமிடம் பிந்தாமல், பூபதி நாற்காலியில் உட்கார்ந்தான். நன்றாகப் பார்த்தான் வேலையை. காரணம் தெளிவாக இல்லை என்று பிரவீனையே இரண்டு தரம் திருத்தி எழுத வைத்தான்.

திங்கட்கிழமை காலை சுகந்தி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், தோளில் பை. செம்மேட்டில் ஒரு தையல் கடையில் ஆள் தேவை என்று முதல் நாள் யாரோ சொன்னதும், போகிறேன் என்று இருசாயியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததும் அவன் காதில் விழுந்திருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் பழக்கத்தில் பேனாவை நீட்டினான்.

அவள் பேனாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, மழை வர்ற மாதிரி இருக்குது. நோட்டு நனையாம எடுத்து வெய்ங்க,” என்றாள்.

கயிற்றை ஒரு கையால் தூக்கி, குனிந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தாள். செருப்பைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

பூபதி நோட்டைத் திறந்தான். பெயர், பொறுப்பேற்பவர், காரணம், போகும் நேரம், வரும் நேரம், கையெழுத்து. பார்க்கவில்லை என்று எழுத அதில் அவன் கட்டம் போட்டிருக்கவில்லை.